தும்பி இன்னும் அவுட் ஆகவில்லை

அன்று என் சின்ன மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். காலையிலேயே என் வாயைக் கிளறினாள்.

“அம்மா, இன்னிக்கு விளையாட்டுல நீதான் கண்ணைக் கட்டிக்கணும்.”

“அப்பா கட்டிக்குவார். எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு.”

“அப்பாவுக்குத் தொட்டுப் பாத்துச் சொல்லத் தெரியாது. நீ கட்டிக்கிட்டாதான் அக்காவைப் பிடிக்க முடியும்.”

கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், போட்டேன்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. எங்கள் வீட்டில் யாரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவள் பிறக்கும்போதே உருண்டையாக இருந்ததால் பட்டன். பெரியவள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள், அதனால் தும்பி. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஏழு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் தும்பி போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை நான் சொன்னதில்லை. வீட்டில் யாரையும் சொல்ல விட்டதுமில்லை. அளவு கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள் எத்தனை குழந்தைகள் என்று கேட்டால், “ஒரே பொண்ணு” என்பேன். சொல்லிவிட்டு மிஷினை வேகமாக மிதிப்பேன்.

பிறந்தநாள்தோறும் நாங்கள் ஆடும் இந்த விளையாட்டுக்குச் சட்டம் போட்டதே தும்பிதான். கண்ணைக் கட்டியவர் ஒருவரைப் பிடித்து, தொட்டுப் பார்த்தே பெயரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பிடிபட்டவர் அவுட், கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். தப்பாகச் சொன்னால் உள்ளேயே இருக்கலாம். கடைசிவரை உள்ளே இருப்பவருக்குத்தான் கேக்கின் முதல் துண்டு.

எனக்குத் தோளைத் தொட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். ஆனால் தும்பி பிடிபட்டால் மட்டும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். “மாடி வீட்டுத் தாத்தாதானே இது? எங்க, மீசையைக் காணோம்?” என்பேன். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவாள். வருடா வருடம் அவள்தான் ஜெயித்தாள். பச்சையான கள்ளாட்டம், எனக்கு அதில் வெட்கமே இல்லை.

“அக்கா இன்னும் அவுட் ஆகலம்மா,” என்றாள் பட்டன். “நீ பேரைச் சொன்னாதானே அவ வெளிய போக முடியும்? நீ சொல்லவே மாட்டேங்கறே. இங்கயே நின்னுக்கிட்டு இருக்கா. கால் வலிக்குதாம்.”

“வாயை மூடுடி,” என்று கத்திவிட்டேன்.

பிறந்தநாளும் அதுவுமாகப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. அந்த உறுத்தலில்தான் சாயங்காலம் நானே கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

பட்டனோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள். மிஷினையும் வெட்டு மேசையையும் சுவரோரம் தள்ளியிருந்தோம். கதவருகே என் வீட்டுக்காரர் நின்று, வெளியே வருகிறவர்களை எண்ணினார். அவர் பஸ் கண்டக்டர். தூக்கத்தில்கூட ஆள் எண்ணுவதில் தப்பு வராது.

ஒவ்வொன்றாகப் பிடித்தேன். துணிக்கடைக்காரர் மகன், முன்பல் போனவள், சட்டைப் பையில் எந்நேரமும் கோலிக்குண்டு வைத்திருப்பவன். கடைசியாகப் பட்டன் பிடிபட்டாள். அவள் கையை உதறிக்கொண்டு ஓடவில்லை. தானாக வந்து நின்ற மாதிரி இருந்தது.

“எட்டு,” என்றார் வெளியிலிருந்து. “எல்லாரும் வந்தாச்சு. கட்டை அவுத்துட்டு வா.”

முடிச்சில் கை வைத்தேன். அப்போது இஸ்திரி மேசைப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

கையை நீட்டினேன். ஒரு தோள் அகப்பட்டது, பிறகு மற்றதும். இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்காக ஒவ்வொரு கவுனிலும் உள்ளே சின்னதாக ஒரு பட்டி வைத்துத் தைத்தவள் நான். கீழே தடவினேன். கவுன் விளிம்பில், வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்திருந்தேன். அடுத்த பிறந்தநாளுக்குப் பிரித்துவிடலாம் என்று மடித்தது. அந்தக் கவுன் என் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

முதலில் பயந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு பயம் போய்விட்டது. பெற்ற பிள்ளையிடம் என்ன பயம்?

“மாடி வீட்டுத் தாத்தாதானே இது?” என்றேன். “எங்க, மீசையைக் காணோம்?”

தோள் குலுங்கியது. அதே குலுங்கல். இன்னொரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை தப்பாகச் சொல்லலாம் என்று ஆசை வந்தது. தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தால் இவளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அவள் தலையை என் வயிற்றில் சாய்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள், வெகுநேரம் நிற்க வைக்கப்பட்ட பிள்ளை நிற்கிற மாதிரி.

இரண்டு வருடம். என் துக்கம் என் துக்கம் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

குனிந்து அவள் உச்சியில் முத்தம் கொடுத்தேன்.

“தும்பி,” என்றேன். “நீ என் தும்பி.”

என் சுண்டு விரலை ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டாள். சின்னக் காலடிகள் கதவை நோக்கி ஓடின, நடக்கவில்லை. கதவு திறந்தது.

“ஒன்பது,” என்றார் என் வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

கட்டை அவிழ்த்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அவர் பிள்ளைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். பட்டன் என்னையே பார்த்தாள்.

“அக்கா அவுட்டா?”

“அவுட்.”

“அப்ப அவதான் கடைசி. முதல் துண்டு அவளுக்குத்தான்.”

அவர் கேக்கை வெட்டினார். முதல் துண்டு கோணலாக, பெரிதாக வந்தது. ஒரு தட்டில் வைத்து யாருக்கும் கொடுக்காமல் தள்ளி வைத்தார். புதிதாக எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்த, அந்த முன்பல் இல்லாத பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, அது யாருக்கு?”

“என் பெரிய பொண்ணுக்கு.”

“உங்களுக்கு ஒரே பொண்ணுன்னு எங்கம்மா சொன்னாங்களே.”

“இல்லம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்,” என்றேன். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ தும்பி, ஏழு வயசு. சின்னவ பட்டன். அவளுக்கு இன்னிக்கு எட்டு.”