நாற்பது பக்கப் பியானோ

பொலிஸ் நிலையத்து வாங்கில் யோசப்பின் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில், பழைய பெட்ஷீட்டில் சுற்றிய சின்தசைசர், கட்டை வைத்த கரண்டு வாத்தியம். கைக்குழந்தை அளவுதான் இருக்கும். மஹய்யாவயிலிருந்து அதைத் தூக்கிவந்த பக்கத்து வீட்டு முஹ்ஸின் கேற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். குவைத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவனும் அவன்தான். பழுதானதும் அவளுடைய தம்பி அந்தோனியின் தலையில் கட்டியவனும் அவன்தான்.

"நான் உள்ளுக்கு வரல்ல தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவள் கோபிக்கவில்லை. கேற்றுவரை வந்ததே பெரிய காரியம்.

மூன்று நாட்களுக்கு முன், பிலிமத்தலாவை ரேடியோக் கடையில் வேலை முடிந்து அந்தோனி வந்த பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அவன் பையில் ஒரு கொப்பி இருந்தது. நாற்பது பக்கமும் எழுத்தும் எண்ணும்தான். எ0 தே7 நி2 வி3. அடுத்த வரி, எ0 தே8 நி1 வி3. தமிழ்ப் பையன், ரேடியோ வேலை, கொப்பி நிறையச் சங்கேதம். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை; இயக்கக்காரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

எழுதச் சொன்னவள் யோசப்பின்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் அவளுடைய பியானோவை நடுத்தெருவுக்கு இழுத்துப்போய் எரித்தார்கள். அதோடு அவளிடம் படித்த பிள்ளைகளும் நின்றுபோனார்கள். மூன்று வருஷம் கழித்து இந்தச் சின்ன இயந்திரத்தில் பியானோவை வரவழைத்துவிடலாம் என்று அந்தோனி நம்பினான். ஒலி எவ்வளவு வேகமாக எழவேண்டும், எப்படித் தேயவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், விரலை எடுத்ததும் எப்படி விடவேண்டும் என்று நாலு குமிழ்கள்; எ, தே, நி, வி. ஒன்றைத் திருப்பிவிட்டால் முன்பிருந்த ஒலி போனதுதான். அதனால்தான், "மறந்துபோயிரும், எழுதி வையிடா" என்றாள்.

அவன் திருப்புவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"இப்ப எப்படிக்கா?"

"பூனை வால மிதிச்ச மாதிரி இருக்கு."

"போன வாரம் தவளைன்ன. இப்ப பூனை. முன்னேற்றந்தானே?"

பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் அந்தக் கொப்பி கிடந்தது. அந்த எண்களெல்லாம் குமிழ்களின் எண்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். பயத்தில் அவளுடைய சிங்களம் பள்ளிக்கூடப் பிள்ளையின் சிங்களமாகிவிட்டது. கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த பிளக்கைக் காட்டினார்; அவள் வயரைச் செருகினாள். பிறகு கொப்பியை நடுவில் எங்கோ திறந்து வைத்தார்.

"இந்தப் பக்கத்தை வாசி."

பதினோராம் பக்கம். அவள் குமிழ்களைத் திருப்பி ஒரு கட்டையை அமுக்கினாள். கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. வாசலில் நின்ற சார்ஜன்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நங்கி, இதுவா பியானோ?" தங்கச்சியென்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

"இல்லை சேர். இது சரிவராதது. சரிவராததையும் எழுதி வைப்பான்."

"எதற்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதே பிழையைத் திரும்பச் செய்யாமலிருக்க."

இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார். "அப்படியென்றால் இதெல்லாம் பிழையா? எதுதான் சரி?"

"கடைசிப் பக்கம் சேர்."

எண்களை இரண்டு முறை சரிபார்த்தாள். அமுக்கினாள். ஒலி சட்டென்று எழுந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து அறையின் மூலைகளுக்குப் போயிற்று. அவளே திகைத்துப்போனாள். போன ஞாயிற்றுக்கிழமை இதே ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் "கிட்ட வந்துட்ட, இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லியிருந்தாள். இன்னுங் கொஞ்சம் என்று எதுவும் பாக்கியில்லை, அன்றைக்கே பியானோ வந்துவிட்டிருந்தது. 'வந்துருச்சு' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், மிச்சத்தைக் கணக்குப் பார்க்கவென்று திங்கட்கிழமை அவன் கடைக்குக் கொப்பியைக் கொண்டுபோயிருக்கமாட்டான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என் மகளும் படிக்கிறாள். பியானோ மாதிரித்தான் இருக்கிறது."

அவள் கட்டையிலிருந்து விரலை எடுத்தாள். "தம்பிய விடுவீங்களா சேர்?"

அவர் கொப்பியை மூடினார். "அவன் இங்கே இல்லை. காலை ஆறு மணி லொறியில் அனுப்பிவிட்டோம்."

எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, கொழும்புப் பக்கம் என்று மட்டும் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமல் டெலிபோனை இழுத்துக்கொண்டார். "சொல்லிப் பார்க்கிறேன். லைன் கிடைத்தால்."

வாசலில் இன்னும் மூன்று கொன்ஸ்தாபிள்கள் வந்து கூடியிருந்தார்கள். "ஆடுவதற்கு ஒரு பைலாப் பாட்டுப் போடு நங்கி," என்றார் சார்ஜன்ட். "சும்மாதானே இருக்கிறாய்?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை; டெலிபோன் எண்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது மறுத்தால் அவர் போனை வைத்துவிடுவாரோ?

வாசித்தாள். சார்ஜன்ட் மேசையில் தாளம் போட்டார். ஒருவன் இடுப்பை ஆட்டினான். லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். பாட்டு முடிந்துவிட்டது. யோசப்பின் நிறுத்தாமல் முதலிலிருந்து தொடங்கினாள், கண்ணை அவருடைய விரலிலிருந்து எடுக்காமல். டயல் ஒவ்வொரு எண்ணுக்கும் முழுச் சுற்றுச் சுற்றி, கிறுகிறுவென்று தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.