அவளுக்குத் திறக்காத பூட்டு

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். மகளுக்கு வயிற்றுவலி என்று பக்கத்துத் தெரு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா அவளுடைய எடையைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

"நான் அவ அப்பாங்க."

"அதனாலதான் சொல்றேன். இந்த வயசுல வர்ற எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் மனசு எப்படி இருக்குன்னு தனியாக் கேக்கணும். இப்ப அதுதான் முறை."

மனசாம்! கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயதில் வயிறு வலிப்பதே அதிகம். "நல்லாக் கேளுங்க. செல்போனைப் பிடுங்கி வச்சா எல்லா நோவும் போயிடும்" என்று சிரித்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பூட்டுக்கடை. அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு. எதிரே மருந்து கொடுக்கும் ஜன்னலில் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. அதைக்கூட இறுக்கி வைக்க ஆளில்லாத இடத்தில் மனசைப் பார்க்கிறார்களாம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயதுதான். கதவைச் சாத்தச் சொன்னார். மகள் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க பொண்ணுகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். உயிரோட இருக்கவே வேணாம்னு அவளுக்கு அடிக்கடி தோணுதாம். ரொம்ப நாளாவே."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். காலையில்கூடத் தலை பின்னிக்கொண்டு, சட்டைக்குப் பித்தான் போடச் சொல்லி அவள் அம்மாவிடம் சண்டை போட்ட பிள்ளை.

"இப்பவே மருந்து குடுங்க டாக்டர்."

"இதுக்கான டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. போன் பண்ணிக் கெஞ்சிப் பார்த்துட்டேன். அடுத்த மாசக் கடைசிலதான் இடம் இருக்காம்."

"அதுவரைக்கும்?"

"தனியா விடாதீங்க. திட்டாமப் பேசுங்க. வீட்டுல மாத்திரை, கத்தி எல்லாத்தையும் பூட்டி வைங்க. மோசமாத் தெரிஞ்சா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க."

சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது. அவரும் என்னைப் போலக் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியும் எனக்கு எமனாகத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா உடனே சரிபண்ண உக்காந்துடுவீங்கப்பா."

"பண்ணக் கூடாதா?"

"சரியாகலன்னா நீங்க பாவம்ல."

பிடித்த கையை வீடு வரும்வரை நான் விடவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மா மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கத்தி, அரிவாள்மணை, தன் தலைவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பீரோவுக்குள் வைத்தாள். நான் முன்கட்டில் இருக்கும் கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான பூட்டை எடுத்து வந்து மாட்டினேன். ஊரில் பாதி வீடு என் பூட்டை நம்பித்தான் தூங்குகிறது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, இது வேணாம். இதை நான் எட்டாவது படிக்கும்போதே சாவி இல்லாமத் திறந்துட்டேனே."

திறந்தாள்தான். பள்ளி லீவு விட்டால் கடையில் என் கூடத்தான் உட்காருவாள். சாவி தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம், "என் பொண்ணே திறந்துடுவா" என்று நான் மார்தட்டாத நாளில்லை. இப்போது அந்த மார்புக்குள் ஏதோ இடிந்து விழுந்தது.

கடையிலிருந்து வேறொன்று எடுத்து வந்தேன். "இது?"

"அதுவும் வரும்பா."

"நம்பர் பூட்டு?"

"சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பொய்யாவது சொல்லித் தொலையேன் பிள்ளையே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கடையிலிருந்த பூட்டுப் பெட்டியை அப்படியே தூக்கி வந்து தரையில் கொட்டினேன். அவளும் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கி, துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி ஒதுக்கினாள். ஒதுக்க ஒதுக்க அவள் முகமும் வெளுத்துக்கொண்டே வந்தது.

கடைசிப் பூட்டைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் திறந்துடும்பா" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. இன்னும் நல்லதா ஒண்ணு தேடுங்கப்பா."