இமை மூடிய முக்காடு

அந்த ஆண்டு, காலையில் தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் போகோர் ரயிலின் மகளிர் பெட்டியில், தூங்குவதுபோல் நடித்த நாற்பத்தொரு பேர் நிஜமாகவே தூங்கிப்போனார்கள். மழை மாதங்களில் எண்ணிக்கை சற்றுக் கூடுதல்.

காரணம் லாஸ்த்ரியின் முக்காடு. போஜோங் கெடேயில் ஏறி மங்கராயில் இறங்கும் தையற்காரி அவள். வயிற்றில் ஐந்து மாதம். முதல் பிள்ளை இந்தப் பெட்டியில் நின்று நின்றுதான் கலைந்தது என்று நம்பினாள். இதுவும் போய்விடுமோ என்று தினமும் பயந்தாள். கர்ப்பிணிக்கான பேட்ஜைக் குத்திக்கொண்டு அவள் ஏறினால் போதும், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கண் சொருகிவிடும். பொதுப்பெட்டி ஆண்களுக்காவது கொஞ்சம் வெட்கம் உண்டு. தூங்குகிறவளை எழுப்பலாம், பாசாங்குக்காரியை எழுப்ப முடியுமா? முறைத்தாவது பார்க்கட்டும் என்று முக்காட்டின் ஓரமெங்கும் நாற்பது கண்களைத் தைத்தாள். தூக்கக் கலக்கத்தில் தைத்ததால் நாற்பதுக்கும் இமை மூடிக்கொண்டது. பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே போட்டுக்கொண்டு போனாள்.

முதலில் தூக்கத்தில் விழுந்தவள் எண்டாங். அரசாங்க எழுத்தர், பாசாங்கில் பழம் தின்று கொட்டை போட்டவள். லாஸ்த்ரியைக் கண்டதும் கண்ணை மூடினாள், மறுநொடி குறட்டை. லாஸ்த்ரி தோளைத் தட்டி, "அக்கா, உங்க ஸ்டேஷன் வந்திருச்சு" என்றாள். எண்டாங் செருப்பைத் துழாவி எழுந்து இறங்கியே விட்டாள். அவள் ஸ்டேஷன் இன்னும் எவ்வளவோ தள்ளி இருந்தது. காலியான இடத்தில் லாஸ்த்ரி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் எண்டாங் அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, எனக்கு என்னடி செஞ்சே?"

"நான் என்னக்கா செஞ்சேன்? தெனமும் தூங்குவீங்க, நேத்து நெசமாவே தூங்கிட்டீங்க."

கோபத்தில் எண்டாங் மறுபடி கண்ணை மூடினாள். அன்று லாஸ்த்ரிக்கு வேறு இடம் கிடைத்ததால் எழுப்ப ஆளில்லை. ஆறு நாள் ரயிலோடு போய்வந்து தூங்கினாள். அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிள்ளை நிறைமாதத்தில் கொழுகொழுவென்று பிறந்தது. லாஸ்த்ரி அழுதாள், பிறகு அதேபோல் இருநூறு முக்காடு தைத்து விற்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் அவளுக்கு அதிசயமாக இடம் கிடைத்தது. பிள்ளை படுத்திய பாட்டில் உடம்பு கெஞ்சியது. சித்தாயாம் ஸ்டேஷனில் பேட்ஜ் குத்திய பெண்ணொருத்தி ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அஞ்சே நிமிஷம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ தோளைத் தட்டினார்கள். "அக்கா, உங்க ஸ்டேஷன் வந்திருச்சு."

வெளியே தெப்போக் ஸ்டேஷன். மங்கராய்க்கு இன்னும் பாதி வழிக்குமேல் இருந்தது. பேட்ஜோடு குனிந்து நின்றவளின் முக்காட்டில், லாஸ்த்ரி தன் கையால் தைத்த நாற்பது கண்களும் நிம்மதியாக மூடியிருந்தன.

"ஆமாம்மா, வந்திருச்சு" என்று சொல்லி எழுந்தவள், மங்கராய் வரை நின்றுகொண்டே போனாள்.