தொப்புளுக்குக் கீழே எல்லாம் வயிறுதான்

கடலிலிருந்து அனீஷின் குரல் வீட்டு வயர்லெஸ்ஸில் வந்தபோது ஜெனிலா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "மைனி, வயிறு வலிக்கு. என்ன மருந்து குடிக்க?" அனீஷ் என் தம்பி. அவனுக்கு மைனி, அதாவது அண்ணி, என் மனைவி ஜெனிலா; ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் துபாயிலிருந்து லீவில் வந்து, எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லிக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

வயர்லெஸ்ஸில் ஒருத்தர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை படகும் கேட்கும், கரையில் மாமியார் வரைக்கும் கேட்கும். அதனால் எங்கள் கடற்கரை ஊரான இனயத்து ஆண்கள் தொப்புளுக்குக் கீழே எது வலித்தாலும் வயிறு என்றே சொல்வோம். மூலத்துக்கு வயிற்று மருந்து குடித்த வீரர்களும் எங்களில் உண்டு.

"கேஸா இருக்கும், சோடா குடிக்கச் சொல்லு" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கை எடுத்தாள்.

"மேல்வயிறா, அடிவயிறா?"

"அடிவயிறு. எடப்பக்கம்."

"இன்னும் கீழயா? கவட்டையிலயா?"

எனக்கு உடம்பு கூசியது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா கிளீட்டஸ் அதே சேனலில்தான் கடலில் இருந்தார். மைக்கைப் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"மக்கா, மைனின்னு நெனக்காண்டாம். நர்ஸ்கிட்ட சொல்லு. விதையிலயா வலி?" சோறு போடட்டுமா என்று கேட்கிற அதே குரல்.



"ஆமா மைனி. இப்ப வலை இழுக்கும்போ சட்டுனு வந்து. வீங்கியிருக்கு. வாந்தியும் வருவு."

"அப்ப விதை முறுக்கியிருக்கும். ஒண்ணும் குடிக்காண்டாம், ஒடனே கரைக்கு வா. நேரம் போனா விதைய எடுத்துரணும், கேட்டியா?"

சோடா குடிக்கச் சொன்ன என் வாயை நான் பொத்திக்கொண்டேன். அப்போது வயர்லெஸ்ஸில் கிளீட்டஸின் குரல் வந்தது.

"லே அனீஷ், உன் வள்ளம் வந்து சேர நேரமாவும். நான் பக்கத்துலதான் கெடக்கேன், எம் போட்டுல ஏறு. மோளே ஜெனிலா, நீ ஆஸ்பத்திரியில சொல்லி வை."

நான் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றாள். போனில் டாக்டரிடம் எந்த இடம், எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. இவளைக் கட்டியவன் நான் என்று அவர்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. தூரத்தில் கிளீட்டஸின் போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஜெனிலா போனைக் காதில் வைத்தபடியே முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினாள்.