அழுகைக்கு வந்த வறட்சி

சியோல் தொலைக்காட்சித் தொடர்களில் யார் செத்தாலும் அழுவதற்கு மேங் ஓக்புன்தான் வரவேண்டும். அறுபது வயதுக்குள் திரையில் ஒரு படைப்பிரிவு அளவுக்கு மகன்களைப் பறிகொடுத்தவள். அவள் மூக்கை உறிஞ்சினால் ஹான் நதியில் ஒரு முழம் தண்ணீர் ஏறும்.

இளைக்க ஆசைப்பட்டதுதான் வினை. பசியை அடக்கும் பெப்டைடு ஊசியை வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொண்டாள். பசி போனது, தாகமும் கூடவே போனது. போதாக்குறைக்கு, சூப் குடித்தால் கேமராவில் முகம் பூசணிக்காயாகத் தெரியும் என்ற நடிகைகளின் பழைய பயத்தில் சூப்பையும் விட்டாள். இடுப்பு வந்தது. நேற்றைய சாவுக் காட்சியில் கண்ணீர் வரவில்லை. கண்ணைச் சிமிட்டினால் உப்புத்தாள் உரசுகிற சத்தம்தான் வந்தது!

"நாளைக்கும் இப்படின்னா சுன்ரே அக்காவக் கூப்பிட்டுருவேம்மா" என்றான் இயக்குநர் பியோன்.

சுன்ரேயா! வெங்காயம் இல்லாமல் அழத் தெரியாத நடிகை!

கண் டாக்டர் இமைக்குள் காகிதத் துண்டைச் செருகி, பொறுத்திருந்து எடுத்தார். துளி ஈரமில்லை.

"ஊசிதான் காரணமா டாக்டர்?"

"ஊசிதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க தண்ணி குடிக்கல, சரியாச் சாப்பிடல. கண்ணீருக்குத் தண்ணியும் வேணும், மேல ஒரு எண்ணெய்ப் படலமும் வேணும். இல்லேன்னா வர்றதும் காஞ்சிரும். சொட்டு மருந்து தர்றேன். ஊசி எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயும் பேசுங்க."

"எந்த டாக்டர்? குளியல் விடுதியில சுன்ரேதான் குடுத்தா..."

டாக்டர் தன் கண்ணை மூடிக்கொண்டார். ஓக்புனுக்கு அப்போதுதான் கண் திறந்தது.

மறுநாள் சொட்டு மருந்து விட்டு, பார்லித் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனாள். செத்த மகனின் படத்தை முறைத்தாள். ம்ஹூம். ஓரத்தில் சுன்ரே கைப்பையோடு தயாராக நின்றாள். பைக்குள் வெங்காயம் இல்லாமலா இருக்கும்?

அந்த நேரம் பார்த்து, துக்க வீட்டு வழக்கப்படி காரமான மாட்டிறைச்சி சூப் மேசைக்கு வந்தது. செக்கச் சிவப்பு, மேலே மினுமினுக்கும் எண்ணெய். காட்சிப்படி அவள் அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

உச்சந்தலை வரைக்கும் காரம் ஏறியது. இரண்டு கண்ணிலும் மடை உடைந்தது.

"ஐயோ என் ராசா! உன்ன விட்டுட்டு இத்தன நாள் எப்படிடா இருந்தேன்!" என்று கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

விளக்குப் பிடித்தவன் அழுதான். படத்தில் இருந்த மகனே வெளியே நின்று விம்மினான். சுன்ரேகூட வெங்காயம் இல்லாமல் அழுதாள், அது வயிற்றெரிச்சல்.

"அம்மா, பிரமாதம்! இன்னொரு தடவ எடுத்துக்கலாமா?" என்றான் பியோன், கண்ணைத் துடைத்தபடி.

ஓக்புன் காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"எத்தன தடவ வேணும்னாலும் எடு. கொஞ்சம் சோறும் போடச் சொல்லு."