சிடுமூஞ்சி, பக்கம் நாற்பத்தொன்று

அக்காவின் ஆய்வேடு வரிசையில் நிற்பவர்களைப் பற்றியது. மருத்துவமனை, பேருந்து, வங்கி என்று எங்கே வரிசை நின்றாலும் அவளும் போய் ஓரமாக நிற்பாள். யார் யாரை முறைக்கிறார்கள், யார் நடுவில் புகுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வருவாள். ஆறு வருடமாக இதே வேலை. இதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்கள் என்று அத்தான் நம்பினார். நான் நம்பவில்லை. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஒரு கிடங்கில் இரவெல்லாம் கேமரா பார்க்கிறேன். கேமராவில் ஒன்றும் நடக்காது. அதனால் கணினியில் யாருக்கும் தேவைப்படாத சமாச்சாரங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

அக்காவை வாட்டியது வரிசை அல்ல, மேற்கோள். யார் சொன்னதை எடுத்தாண்டாலும் பக்கத்திலேயே அவர் பெயர், ஆண்டு, பக்கம் போட வேண்டும். எங்கே காற்புள்ளி, எதற்கு அடைப்புக்குறி என்று துறையில் ஒரு விதி வைத்திருந்தார்கள். வைத்த விதியை அடிக்கடி மாற்றவும் செய்தார்கள். மாற்றும்போதெல்லாம் அக்கா முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்துவாள்.

"ஆண்டு முன்னாடி வரணுமாம்டா இப்போ," என்றாள் ஒரு மதியம். நான் அப்போதுதான் எழுந்திருந்தேன். "போன மாசம் பின்னாடி வரணும்னாங்க. இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"உனக்கு இருக்கா?"

அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், வாயை மூடிட்டு ஏதாவது செஞ்சு கொடு. உங்க அக்கா என்கிட்ட பேசறதே காற்புள்ளியைப் பத்தி மட்டும்தான்."

செய்து கொடுத்தேன். அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் அடிக்கிற மென்பொருள், ஒரு எடிட்டரை, அவள் கணினியில் போட்டு அதைக் கொஞ்சம் வளைத்தேன். ஒரு விசையைத் தட்டினால் சின்னப் பெட்டி திறக்கும். புத்தகத்துக்கு அவளே வைத்த சுருக்கப் பெயரையும் பக்க எண்ணையும் அதில் அடித்தால் இரண்டும் வரியில் போய் உட்காரும். அச்சுப் பிரதி எடுக்கும்போதுதான் எடிட்டர் ஒரு பட்டியலைப் பார்த்து, சுருக்கப் பெயரை எல்லாம் நிஜப் பெயர், ஆண்டு, அடைப்புக்குறி என்று மாற்றும். துறை விதி மாறினால் நான் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும், ஆய்வேடு முழுவதும் மாறிவிடும்.

"சுருக்கப் பேர் என்ன வேணா வைக்கலாமா?"

"உனக்கு மறக்காம இருந்தா சரி."

அக்காவுக்கு எப்படிப்பட்ட பெயர்கள் மறக்காது என்று அத்தானை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவர் 'வழவழா' ஆனார். இன்னொருவர் 'அரைவேக்காடு'. பெரிய அறிஞர் ஒருவர் 'கொட்டாவி'. அவளுடைய நெறியாளர், அதாவது அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு கரையேறும் என்கிற பேராசிரியர், 'சிடுமூஞ்சி'. அவருக்கு ஜென்மப் பகையாளியாக வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். தெளிவாக எழுதுவார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் 'தங்கம்'.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அக்காவின் பதிவு காலாவதி. ஆறு வருடமும் குப்பைக்கு. புதன்கிழமை அவள் நெறியாளருக்கு மின்னஞ்சலில் கோப்பை அனுப்பினாள். போனது அச்சுப் பிரதி அல்ல. பக்கத்திலேயே அதே பெயரில் இருந்த, அவள் எழுதுகிற கோப்பு. உலகத்தில் எந்தக் கணினியிலும் அது திறக்கும் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன். திறந்திருக்கிறது.

வியாழன் காலை பதில் வந்தது. "படித்தேன். நேரில் வரவும்." அக்கா தான் அனுப்பியதை ஒருமுறை திறந்து பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அத்தான் திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "சிடுமூஞ்சி, பக்கம் நாற்பத்தொன்று. சிடுமூஞ்சியின் இக்கருத்து ஏற்கத்தக்கதே."

"சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன்."

"சிரிக்கலைம்மா. மூச்சு அடைக்குது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்ன பேர் வேணா வைக்கலாம்னது நீதானே? நீயும் வா. வந்து வாங்கிக்கட்டிக்கோ."

நெறியாளரின் அறையில் வருகிறவர்களுக்கு ஒரே நாற்காலிதான். அதில் பழுதான பிரிண்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. நாங்கள் நின்றோம், வரிசையாக. அவர் கோப்பு முழுவதையும் அச்செடுத்து, ஓரமெல்லாம் பச்சை மையில் கிறுக்கி வைத்திருந்தார்.

"என்னம்மா இது?"

"தப்பான ஃபைல் சார். தம்பி செஞ்சு கொடுத்த எடிட்டர் அச்செடுக்கும்போதுதான் நிஜப் பேரைப் போடும்..."

"தெரியுது. நான் என்ன கூமுட்டையா? வழவழா யாருன்னு ரெண்டாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். கொட்டாவி!" அவர் தோள்கள் குலுங்கின. "அந்த ஆள் பேசறப்ப நானே தூங்கியிருக்கேன். சரியான பேரு."

ஆறு வருடத்தில் அவர் சிரித்து அக்கா பார்த்ததில்லை. பயத்தில் என் கையைக் கிள்ளினாள்.

"ஆனா இந்தச் சிடுமூஞ்சி இருக்கானே."

கிள்ளு ஆழமானது.

"அவன்தானே? அந்தப் பல்கலைக்கழகத்துக்காரன்? அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா! ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. வரிசையில பூர்றவன் திரும்பியே பார்க்க மாட்டான்னு அவன் பேர்ல போட்டிருக்கியே, அதை முதல்ல சொன்னது நான். இந்தப் பக்கத்துல இருக்கறதும் நான் சொன்னது. இதுவும்தான். அத்தனையும் என்கிட்டேர்ந்து திருடியிருக்கான்!"

"சார், அது வந்து..."

"விடும்மா. திருடன் பேரைப் போட்டாலும் என்னை நீ மறக்கலை." குரல் திடீரென்று இறங்கியது. ஒரு பக்கத்தைத் தடவிக்கொடுத்தார். "இந்தக் கருத்தை நான் எங்க சொன்னேன்னு ஞாபகம் இல்லை. ஆனா நல்லாத்தான் சொல்லியிருக்கேன். அதுக்காக எனக்குத் தங்கம்னா பேர் வைக்கறது? கூச்சமா இருக்கு."

நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்த்தாலும் சிரித்துவிடுவேன்.

"நாளைக்கு ஒழுங்கான பிரதியைக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடறேன்."

மாடிப்படியில் இறங்கும்போது நான் வழி சொன்னேன். "பட்டியல்ல ரெண்டே ரெண்டு வரி. சிடுமூஞ்சிக்கு நேரா அந்த ஆள் பேரு, தங்கத்துக்கு நேரா இவர் பேரு. கையெழுத்து வாங்கினதும் பழையபடி மாத்திக்கலாம்."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு தளம் இறங்கினாள். "ஆறு வருஷம்டா," என்றாள்.

"அதான் சொல்றேன்."

அடுத்த தளத்தில் நின்றுவிட்டாள். "சொன்னது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கா? இது வரிசையில பூர்ற வேலைடா."

"பூந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"பூர்றவன் எல்லாம் இதையேதான் சொல்றான். நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ளபடியே அச்செடு. நாளைக்கும் நீ வர்ற."

வெள்ளிக்கிழமை அவர் புதுப் பிரதியைப் பழைய கட்டுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மேற்கோள் காட்டிய இடத்துக்கு வந்தார். சிடுமூஞ்சி இருந்த இடத்தில் அவர் பெயர், ஆண்டு, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் துறை விதிப்படி கச்சிதமாக இருந்தன. என் வேலையில் ஒரு பிசகு இல்லை. இருந்திருக்கலாம்.

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், பெயர் வைப்பதில் அக்கா கெட்டிக்காரி என்று புரிந்தது.

"அப்ப சிடுமூஞ்சி..."

"நீங்கதான் சார்," என்றாள் அக்கா. "மன்னிச்சிடுங்க. ஆனா யாரும் திருடலை சார். எல்லாமே நீங்க சொன்னதுதான்."

"தங்கம்?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். "அந்த இன்னொருத்தர், சார்," என்றேன்.

"அவனா தங்கம்." பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "எத்தனை இடத்துல வர்றான்?"

"மூணு சார்."

"நான்?"

"எண்ணலை சார். எல்லா அத்தியாயத்துலயும் இருக்கீங்க."

அவர் எண்ணினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, விரல் வைத்து, உதடு அசைய. நடுவில் ஒருமுறை விட்டுப்போய், முந்தைய அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்த்தார். அலுவலகம் மூடுகிற நேரம் நெருங்க நெருங்க அக்கா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கடைசியில் அவர் பச்சைப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். போட்டார்.

"நின்னுட்டே இருந்தா? ஓடு, கீழ மூடிடுவாங்க."

அக்கா ஓடினாள். நானும் நழுவப் பார்த்தேன்.

"நீ இரு."

இருந்தேன்.

"என் புத்தகம் ஒண்ணு பாதியில நிக்குது. எனக்கும் இந்தக் காற்புள்ளிதான் உயிரை வாங்குது. நீ செஞ்ச அந்த எடிட்டரை என் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடு."

பிரிண்டரைத் தரையில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எடிட்டரை ஏற்றி, விசையை அமைத்து, பட்டியலைத் திறந்தேன். வழவழா, அரைவேக்காடு, கொட்டாவி மூவரும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

"தங்கத்தை மட்டும் மாத்து."

"என்னன்னு சார்?"

கண்ணை மூடி யோசித்தார். "தகரம்."

அடித்தேன். "உங்க புத்தகங்களுக்கு என்ன வைக்கலாம் சார்? மறக்காத பேரா இருக்கணும்."

என்னையும் திரையையும் மாறி மாறி முறைத்தார்.

"அதான் உங்க அக்கா வெச்சிருக்காளே. இனி எங்க மறக்கறது."