பன்னிரண்டாவது வரி

"ஒரு வரிதான் சார் கேக்குறேன். ஒரு பக்கமா கேக்குறேன்?"

"ஒரு வரின்னு நீ லேசா சொல்றே. தீங்குப் பத்தி பன்னெண்டு ஆயிடும், பயன் பத்தி பதினொண்ணுலயே நிக்கும். கலைக்களஞ்சியம் ஒரு பக்கமா சாயுதுன்னு எவனாவது கடிதாசி போடுவான். நீயா பதில் எழுதுவே?"

"சாயட்டும் சார். மனுஷி விழுந்திருக்கா. புஸ்தகம் கொஞ்சம் சாஞ்சா என்ன?"

கலைக்களஞ்சிய அலுவலகம் தெருக்கோடியில், இஸ்திரிக் கடைக்கு மேல்மாடி. அதன் ஜன்னல் நான்கு வருடமாகச் சரியாக மூடுவதில்லை என்பதால் தெருவுக்கு எப்போதும் சௌகரியம். ஆனாலும் அங்கிருந்து இதுவரை கேட்டதெல்லாம் நாற்காலி நகரும் சத்தமும் தும்மலும்தான். கமா குரலை உயர்த்தினார் என்றதும் இஸ்திரிக்காரர் பெட்டியை எடுக்க மறந்து மேலே பார்த்தார். யாருடையதோ வெள்ளைச் சட்டை, முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்தது.

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. மெய்ப்புத் திருத்துவது அவர் வேலை. அச்சுக்குப் போகும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை களைவது. பேசும்போதும் பாதியில் நிறுத்தி, எதிராளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகுதான் மீதியைச் சொல்வார். "பால்காரர் வந்தார்," என்பார், நாம் காத்திருக்க வேண்டும், "போயிட்டார்." தெரு அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. முற்றுப்புள்ளி என்று வைக்காமல் விட்டார்களே.

எதிரே நின்ற ஆசிரியரும் கெட்டவரல்ல. நியாயமானவர் என்பதுதான் அவரோடு இருந்த கஷ்டம். இப்போது சண்டைக்குக் காரணமான வரி ஒரு தூக்க மாத்திரையைப் பற்றியது. முந்தைய பதிப்பில் இதே மாத்திரையைப் பற்றி எழுதியதற்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. மருந்து விற்பவர்கள், "விஷம் என்று எழுதிவிட்டீர்கள்" என்றார்கள். நோயாளிகள் சங்கம் ஒன்று, "விளம்பரம் போட்டுவிட்டீர்கள்" என்றது. ஒரே கட்டுரைக்குத்தான் இரண்டும். மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு விதி செய்தார். எந்த மருந்தானாலும் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிப்பது. இடது பக்கம் பயன், வலது பக்கம் தீங்கு. இரண்டும் வரிக்கு வரி சமமாக இருப்பது. அளப்பதற்கு மேசையில் ஒரு மர அடிக்கோல் கூட வைத்திருந்தார்.

போன வாரம் கணினியில் பக்கம் கட்டும் பெண், "சார், வலது பத்தி ஒரு வரி இடிக்குது" என்றாள். ஆசிரியர் தலை நிமிராமல், "கமா, ஏதாவது ஒண்ணை எடுத்துடு" என்றார். கமா பன்னிரண்டு வரியையும் இரண்டு தரம் படித்தார். தள்ளாட்டம், மறதி, பழகிப்போதல், இயந்திரத்தின் அருகே ஆபத்து என்று ஒவ்வொன்றும் வேண்டியதாகவே இருந்தது. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: 'நெடுநாள் உட்கொண்டவர் இதைத் திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் சொல்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.' இது மருந்தின் தீங்கல்லவே, மருந்தை விடுவதன் தீங்கு, பார்க்கப் போனால் ஓர் அறிவுரை, கலைக்களஞ்சியத்துக்கு அறிவுரை எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. கையெழுத்துப் பிரதியில் அதன் மேல் சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டார். இலக்கணப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரை வீட்டுக்கு வந்தது. மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சடித்த தாளில் சரிபார்ப்பார். அலுவலகத்தில் அந்த இரண்டாவது ஆளை நிறுத்தி ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அது கமாவின் மனைவிக்கு வந்து சேர்ந்தது, சம்பளம் இல்லாத உத்தியோகமாக. துண்டு ஆலையில் ஓரம் தைப்பவள் அவள். மாதத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும். வாரம் ஆறு நாள் துண்டின் விளிம்பைப் பார்க்கிறவள், ஏழாம் நாள் காலை நீட்டி உட்கார்ந்து, எரிமலை, எறும்புதின்னி, ஏலக்காய் என்று உரக்கப் படிப்பாள். ஜன்னலோரம் போகிறவர்கள் நின்று கேட்பதும் உண்டு. தெருவில் பாதிப் பேருக்கு எறும்புதின்னியைப் பற்றித் தெரிந்தது அப்படித்தான்.

அன்று தீங்குப் பத்திக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது. 'மறதி' என்ற இடத்தில் நின்றாள்.

"என்னம்மா, தொண்டை கட்டுதா?"

"ஒண்ணுமில்லீங்க. எழுத்து சின்னதா இருக்கு."

பதினொரு வரி படித்து முடித்துத் தாளைத் திருப்பி வைத்தாள்.

நான்காம் நாள், வியாழக்கிழமை காலை, தையல் மெஷினில் பாதித் துண்டு இருக்கும்போதே அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. பக்கத்து மெஷின்காரி தன் மடியில் இருந்த துண்டுகளையெல்லாம் அவள் தலைக்கு அணையாக வைத்தாளாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டபோது கமா, "எதுவும் இல்ல டாக்டர்," என்று சொல்லி நிறுத்தினார். மீதி அவருக்கு வரவில்லை. ஏனென்றால் பக்கத்து மெஷின்காரி அவளுடைய பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள். கமாவின் பழைய கூடுதான், கீல் உடைந்ததென்று அவர் தூக்கிப் போட்டது. உள்ளே ஆலை மருந்தறையின் காகிதப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன.

மூன்று வருடமாக என்று தெரிந்தது. ஷிப்டு மாறுகிற வாரத்தில் பகலில் தூக்கம் வராமல், ஊசி ஒருமுறை விரலில் இறங்கிவிட்டது. ஆலை மருந்தறையில் விரலுக்குக் கட்டுப் போட்டு, தூக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். முதலில் ஷிப்டு மாறும் வாரத்துக்கு மட்டும், பிறகு எல்லா வாரமும். கேட்காமலே கொடுத்தார்கள். ஷிப்டை மாற்றாமல் இருக்க முடியுமா என்று கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கண் விழித்து, தண்ணீர் கேட்டு, அவர் சட்டையில் பொத்தான் மாறியிருப்பதைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லலே?"

"சொன்னா வேலைக்குப் போகாதேம்பீங்க. அதான்."

"நிறுத்தினது?"

"பதினோரு வரியும் என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு. பயமாப் போச்சு. அன்னிக்கே விட்டுட்டேன்."

கமா எதிர்ச் சுவரைப் பார்த்தார். "அதுல இன்னொரு வரி இருந்துச்சு. திடீர்னு விடக் கூடாதுன்னு."

"பாத்தேனே."

"பாத்தியா?"

"சிவப்புல அடிச்சிருந்துச்சு. அடிச்ச வரியைப் படிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அடிச்சிருந்தா அது தப்பான சங்கதின்னுதானே அர்த்தம்? அதனால விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அவர் மாறியிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். பிறகு, "நான்தான் அடிச்சேன்," என்றார்.

அவள் தலையணையில் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று காத்திருந்தவரின் கையை எடுத்து, சிவப்புப் பென்சில் கறை படிந்த விரலைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கோடு மட்டும் நல்லா நேராத்தான் போட்டிருந்தீங்க" என்றாள்.

அங்கிருந்து எழுந்து நேராக அலுவலகத்துக்கு வந்துதான் கமா அந்தச் சத்தம் போட்டது. சனிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது. ஒரு நாள்தான் இருந்தது. இஸ்திரிக்காரர் சட்டைக்குப் பதில் சொல்லும் யோசனையில் இருந்தபோது மேலே குரல்கள் தணிந்தன. ஆசிரியருக்கு அப்போதுதான் விஷயம் முழுதும் புரிந்திருக்க வேண்டும். அடிக்கோலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வரியைப் போட்டுக்கோ" என்றார். "ஆனா விதி விதிதான்ப்பா. பயன் பத்திக்கும் ஒரு வரி கொண்டு வா. உண்மையான வரியா இருக்கணும். இல்லேன்னா ரெண்டும் வேண்டாம்."

உலகத்தில் அன்று அந்த மாத்திரையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மனமில்லாத ஒரே மனிதரிடம் அதைக் கேட்டார். கமா சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அதே மாத்திரையைத் திரும்பவும் கொடுக்கச் சொல்லி, மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர அட்டவணை எழுதியிருந்தார்.

"என்ன எழுதணும், சொல்லுங்க" என்றாள் அவள்.

"எனக்கு எதுவும் தோணலேம்மா."

"தூங்கினேனே. அதை எழுதுங்க. அது வர்றதுக்கு முன்னாடி பகல்ல படுத்தா தெருவுல சைக்கிள் மணி ஒவ்வொண்ணையும் எண்ணுவேன். அப்புறம் மூணு வருஷம் தூங்கினேன். அது பொய்யில்லையே. ஊசியும் அதுக்கப்புறம் விரல்ல இறங்கல."

"உனக்கு அது மேல கோபமே இல்லையா?"

"மாத்திரைக்கு என்னங்க தெரியும்? அது கொடுத்த எடத்துல வேலை செஞ்சுது, என்னை மாதிரி."

அவள் சொன்னதை அவர் எழுத்து நடையில் ஒரு வரியாக்கினார்: 'ஷிப்டு மாறி உழைப்போர் பகலிலும் உறங்கி, தடையின்றிப் பணிக்குத் திரும்ப இது உதவுகிறது.' அவளே உரக்கப் படித்தாள். அவர் பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்துச் சரிபார்த்தார். இரண்டு பக்கமும் பன்னிரண்டு. சனிக்கிழமை ஆசிரியர் அடிக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கமாவின் தோளில் கை வைத்தாராம். பக்கம் கட்டும் பெண் சொன்னது.

புத்தகம் நன்றாக வந்தது. யாரும் கடிதம் போடவில்லை. துண்டு ஆலை மட்டும் அவளுக்கு ஒரு கடிதம் போட்டது. வலிப்பு வந்தவரை மெஷினில் உட்கார வைப்பதற்கில்லை என்று, மரியாதையாக, பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். கமா அதை மூன்று தரம் படித்துப் பார்த்தார். ஒரு கமாகூட இடம் மாறவில்லை.

அட்டவணையின் கடைசி மாதம் முடிந்ததும் இருவரும் வீட்டைக் காலி செய்து அவளுடைய அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறாள் என்றும், பகலில் கூடத் தூங்கிவிடுகிறாள் என்றும், அந்த நேரத்தில் கமா வாசலில் சைக்கிள்காரர்களைக் கையமர்த்துகிறார் என்றும் கேள்வி. கடைசியைச் சொன்னவர் இஸ்திரிக்காரர் என்பதால் பாதியைத்தான் நம்பலாம். ஆசிரியர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போனார். அடிக்கோல் மேசையிலேயே கிடக்கிறது.

பக்கம் கட்டும் பெண் அதே ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். புதுசில் ஒருநாள் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், மருந்தறை ஜன்னலில் தான் கட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து சொன்னாள். மாத்திரைப் பொட்டலம் கொடுக்கும் துவாரத்துக்கு மேலே, பெண்கள் வரிசையில் நிற்கும்போது கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தார்களாம். பக்கத்தை நடுவில் மடித்திருந்தார்கள். பயன் எழுதிய இடது பத்தி மட்டும் தெரிந்தது. அதில் பன்னிரண்டாவது வரியின் கீழே சிவப்பில் கோடு. அவள் மடிப்பைப் பிரித்து விட்டுவிட்டு வந்தாள். மறு வாரம் போனபோது மறுபடி மடித்திருந்தது. இந்தத் தடவை நான்கு ஓரமும் பசை தடவி.